ரோவீனா டக்கெட் தோண்டிய மரம்

ரோவீனா டக்கெட்டை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளுக்காக நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று பிறகு யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் சமுதாயக் கல்லூரியில் லேண்ட்ஸ்கேப் மேனேஜ்மென்ட் என்று ஒரு படிப்பு உண்டு. புல் வெட்டவா இரண்டு வருஷம் படிக்க வேண்டும் என்று கேட்காத ஆள் இந்த ஊரில் கிடையாது. அந்தப் படிப்புக்கென்று ஒரு கருவி அறை இருக்கிறது. மண்வாரி, ரம்பம், கத்தரி, தள்ளுவண்டி எல்லாம் அங்கேதான். இருபத்தொரு வருஷமாக அதைக் கட்டிக்காப்பவன் நான், ஆர்லோ பிக்ஸ்லர். ஒரு ஜன்னல், அதற்கு ஓர் இரும்பு ஷட்டர், பக்கத்தில் ஒரு போர்டு: காலை 8 முதல் மாலை 4 வரை. நாலு என்றால் நாலுதான். நாலு ஒன்றுக்கு கவர்னரே வந்து தட்டினாலும் ஷட்டர் ஏறாது. முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் என்னை ஜெயில் வார்டன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவள் முதல் நாள் ஏழரைக்கே வந்து தட்டினாள்.

"போர்டு தெரியலையா?" என்றேன் உள்ளேயிருந்து.

"தெரியுது. உள்ள ஒரு ஆள் சும்மா உக்காந்திருக்கிறதும் தெரியுது. ஒரு மண்வாரி எடுத்துக் குடுத்தா கை தேஞ்சிடுமா?"

"எட்டு மணிக்கு வா."

அவள் போகவில்லை. ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, அலுமினியத் தாளில் சுற்றிவந்த பலோனி இறைச்சி சாண்ட்விச்சைப் பிரித்து, என் முகத்தைப் பார்த்தபடியே அரை மணி நேரம் தின்றாள். எட்டடித்ததும் ஜன்னலைத் திறந்தேன். மண்வாரியை வாங்கிக்கொண்டு, "குட் மார்னிங்" என்றாள். அதைவிட ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. வகுப்பில் மற்றதெல்லாம் அவள் மகள் வயதுப் பிள்ளைகள். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ஒரு கம்பெனியில் மரத்தடிக்கு மூடாக்கு போடும் வேலை பார்த்தவள். எங்கள் ஓஹையோவில் இது வருஷாவருஷம் வரும் பைத்தியம். ஏப்ரல் பிறந்தால் வீடு, பேங்க், சர்ச், பல் டாக்டர் வாசல் என்று எல்லா மரத்தடியிலும் கறுப்புச் சாயம் ஏற்றிய மரச்சீவலைக் கொட்டியாக வேண்டும். பழையதை அள்ளுவது கிடையாது, அதன் மேலேயே புதியது. மே மாதம் வரும் அன்னையர் தினத்துக்குள் முடிக்காதவன் தெருவில் தலைகாட்ட முடியாது. அடுத்த வீட்டுக் குவியல் முழங்கால் உயரம் என்றால் நம் வீட்டுக் குவியல் தொடை உயரம். எரிமலை வாயிலிருந்து கிளம்புவது போல மரம் அதன் உச்சியிலிருந்து கிளம்பும். தொழிலில் அதற்குப் பெயரே 'எரிமலை'தான். உள்ளே ஈரத்தில் பட்டை அழுகி, பத்துப் பதினைந்து வருஷத்தில் மரம் செத்துப்போகும். செத்த மரத்தை வெட்டிச் சீவி, சாயம் ஏற்றி, அடுத்த மரத்தடியில் கொண்டுபோய்க் கொட்டுவோம்.

அந்தச் சாயம் ரோவீனாவின் உள்ளங்கையில் ஏறினால் ஜூலை வரை போகாது. மகள் கல்யாணம் ஒரு மே மாதத்தில் வந்தது. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் சர்ச்சில் நின்றாளாம். புருஷன் அதற்கு முன்பே கம்பி நீட்டிவிட்டான். பிறகு வலது முழங்காலும் போயிற்று. இனி பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். உட்கார்ந்து பார்க்கிற வேலை உனக்கு இங்கே இல்லை என்று கம்பெனியில் சொன்னார்கள்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் உண்டு. பன்னிரண்டு ஏக்கர் புல், முந்நூறு மரம், இரண்டு வேலையாட்கள், சாகும்வரை பென்ஷன். அதிலிருந்த கிழவர் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறுவதாக இருந்தது. அந்த வேலைக்கு எங்கள் கல்லூரிச் சான்றிதழ் கட்டாயம். கிழவர் போகிற வருஷம் ஜூன் ஒன்றாம் தேதிக்குள் சான்றிதழைக் காட்டினால் வேலை. விட்டால் அந்த நாற்காலி இன்னும் முப்பது வருஷத்துக்குக் காலியாகாது. அவள் படிக்க வந்தது அதற்குத்தான், செடிகொடி மேல் காதல் வந்து அல்ல. என் மனைவி மார்லீன் அந்தத் தோட்டத்தில்தான் படுத்திருக்கிறாள். ஆகவே அங்கே யார் வேலைக்கு வருகிறார்கள் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு. இவள் வரக் கூடாது என்பதே என் அக்கறையாக இருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் வாங்கிப்போகிற மண்வாரி திரும்பி வரும்போது விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அரம் போட்டுத் தீட்டியிருப்பாள்.

"யாரைக் கேட்டுத் தீட்டினே?"

"இது மண்வாரியா, சூப் கரண்டியா? இத வச்சு வேரை வெட்ட முடியாது. நசுக்கத்தான் முடியும்."

"இது கல்லூரிச் சொத்து."

"அப்ப கல்லூரியே தீட்டட்டும். ஜன்னல் ஓரமா ஒரு ஆள் சம்பளம் வாங்கிட்டுத்தானே உக்காந்திருக்கு."

இப்படி ஒன்றரை வருஷம். கடைசி அரையாண்டில்தான் அவளுக்கு என்னைவிடப் பெரிய விரோதி வாய்த்தார். டாக்டர் வென்ட்லிங். மரப் பாடம் அவருடையது. வருஷத்துக்கு ஒரு முறைதான் அந்தப் பாடம் நடக்கும். அதில் தேறாமல் சான்றிதழ் கிடையாது. நல்ல படிப்பாளிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் வாயிலிருந்து வருவதைத் தானே நின்று ரசிக்கிற மனுஷர்.

ஜனவரியில் முதல் வகுப்பு. நான் கை ரம்பங்களை உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு படம் போட்டார். ஒரு பேங்க் வாசல், ஒரு குட்டி மரம், இடுப்பளவு எரிமலை.

"இந்த மாதிரி வேலை செய்யறவனுக்கு மூளை எங்க இருக்கும்னு யாராவது சொல்லுங்க," என்றார். பிள்ளைகள் சிரித்தன.

பின்வரிசையில் ரோவீனா எழுந்தாள். "அது நான் செஞ்சது."

சிரிப்பு நின்றது.

"மூளை இங்கதான் இருக்கு," என்று தலையைத் தொட்டுக்காட்டினாள். "அந்த பேங்க் மேனேஜர் இன்னும் ரெண்டு வண்டி கொட்டச் சொன்னாரு. கம்மியாக் கொட்டினா, ஏமாத்திட்டோம்னு அடுத்த வருஷம் வேற கம்பெனிக்குப் போயிடுவாரு. நீங்க அவர்கிட்ட போய்க் காட்டுங்க இந்தப் படத்தை. என்கிட்ட காட்டி என்ன பிரயோசனம்?"

வென்ட்லிங் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் புன்னகைத்தார். "ஆக, கொலைகாரியே நம்ம வகுப்புலதான் இருக்காங்க. உக்காருங்க, எரிமலை மகாராணி."

அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர். பிள்ளைகள் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன். "மகாராணி வந்தாச்சு, செங்கோல் எடுத்துக் குடுங்கப்பா," என்று மண்வாரியை நீட்டுவேன். அவள் விளிம்பைத் தடவிப் பார்ப்பாள், மழுங்கியிருக்கிறதா என்று.

பிப்ரவரியில் ஒரு நாள் நாலு பத்துக்கு மண்வாரியோடு வந்து தட்டினாள்.

"வண்டி ஸ்டார்ட் ஆகலை, ஆர்லோ. அதான் லேட்டு. இதை மட்டும் உள்ள வாங்கிக்கோ, போதும்."

நான் உள்ளேதான் இருந்தேன். விளக்கை அணைத்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மண்வாரியை ஷட்டர் மேல் சாத்திவைத்துவிட்டுப் போனாள். ராவெல்லாம் பனிமழை. காலையில் மண்வாரி முழுக்கத் துரு. நான் புகார் எழுதிக் கொடுத்தேன். விதிப்படி மரப் பாடத்தில் அவளுக்கு ஐந்து மதிப்பெண் பிடித்தார்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு நன்றாகப் பசித்தது.

ஏப்ரல் கடைசியில் செய்முறைத் தேர்வு. ஆளுக்கு ஒரு நோயாளி மரம். என்ன நோய், முக்கியக் காரணம் என்ன என்று எழுத வேண்டும்.

எங்கள் கட்டிட வாசலில் ஒரு மேப்பிள் நின்றது. பதினாலு வருஷத்துக்கு முன் வென்ட்லிங் புதிதாக வேலைக்கு வந்தபோது, தன் முதல் மாணவர்களை வைத்து நட்டது. அவர் பெயர் போட்ட பித்தளைத் தகடுகூட உண்டு. மூன்று வருஷமாக அது உச்சியிலிருந்து மொட்டையாகிக்கொண்டு வந்தது. கல்லூரி வளாகத்துக்கு மூடாக்கு போடும் ஒப்பந்தம் ஆறு வருஷம் ரோவீனாவின் கம்பெனியிடம் இருந்தது. குவியலைக் குவித்தது அவள் கைதான். வென்ட்லிங் போகிற வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். தேர்வன்று அந்த மேப்பிளை அவளுக்கே கொடுத்தார்.

"உங்க கைவரிசைதானே. பிரேதப் பரிசோதனையையும் நீங்களே பண்ணிடுங்க," என்றார். பிள்ளைகள் காதில் விழும்படியாகத்தான்.

என்னிடமிருந்து ஒரு சின்ன மண்வாரி, ஒரு பிரஷ், ஒரு வாளி வாங்கிப்போனாள். என் ஜன்னலிலிருந்து அந்த மரம் நேராகத் தெரியும். கெட்ட முழங்காலை நீட்டி, நல்ல முழங்காலை மடித்து உட்கார்ந்து குவியலை வாரினாள். கறுப்பு, அதன் கீழே சாம்பல், அதன் கீழே பழுப்பு. ஆறு அடுக்கு. எண்ணிப் பார்த்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அவள் ஆறு வருஷமும் அதில் இருந்தது. அது தீர்ந்ததும் அடிமரம் வேராக விரிகிற தூர் தெரிய வேண்டும். தெரியவில்லை. இன்னும் ஒரு சாண் தோண்டினாள். அப்புறமும் அரைச் சாண். அப்புறம் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வென்ட்லிங் வந்து குனிந்தார். "என்னது அது?"

"கயிறு," என்றாள். "பச்சை நைலான். மூணு சுத்து. மரம் பெருத்துக் கயிறை முழுங்கிடுச்சு, கழுத்தை நெரிச்ச மாதிரி. கீழ கம்பிக்கூடை, சாக்கு, எல்லாம் அப்படியே இருக்கு. நர்சரிலேருந்து வந்ததை அவுக்காமலே குழில இறக்கியிருக்காங்க."

"பின்னாடி யாராவது கட்டியிருப்பாங்க."

"மண்ணுக்குள்ள ஒன்றரைச் சாண் தோண்டிப் போய்க் கட்டினாங்களா? எவனுக்கு அப்படி வேலை இல்லாமப் போச்சு?"

ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. வென்ட்லிங் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது.

விடைத்தாளில் அவள் எழுதியதைப் பிறகு நான் கண்ணாலேயே பார்த்தேன். 'காரணம் இரண்டு. ஒன்று, நடும்போது கயிற்றையும் கம்பியையும் வெட்டவில்லை, ஆழமாகவும் நட்டுவிட்டார்கள். இரண்டு, ஆறு வருஷம் அடிமரத்தில் மூடாக்கு குவித்தது. இரண்டாவதைச் செய்தவள் ரோவீனா டக்கெட்.' கீழே கையெழுத்து. முக்கியக் காரணம் ஒன்றைத்தான் கேட்டேன் என்று வென்ட்லிங் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் போட்டார். மொத்தம் அறுபத்தாறு. தேற எழுபது வேண்டும்.

நாலு மதிப்பெண்ணில் போயிற்று. நான் பிடுங்கியது ஐந்து.

இப்போது அந்தப் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். பதினாலு வருஷத்துக்கு முன், அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. நாலு ஐந்துக்கு என் ஷட்டரை யாரோ தட்டினார்கள். சந்து வழியாகப் பார்த்தேன். புது வாத்தியார் வென்ட்லிங், கையெல்லாம் மண்.

"பெரிய கட்டர் ஒண்ணு வேணும். மரம் குழில இறங்கிடுச்சு, கம்பியை வெட்டணும். அஞ்சு நிமிஷத்துல திருப்பிக் குடுத்துடறேன். கல்லூரித் தலைவர் போட்டோவுக்கு வந்துட்டாரு."

நான் போர்டைக் காட்டினேன். அவர் இன்னும் இரண்டு தடவை தட்டினார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் குழி மூடியிருந்தது, தகடு வைத்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அன்றிலிருந்து இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ரோவீனா மேல்முறையீடு செய்தாள். மே நடுவில் டீன் அறையில் விசாரணை. வென்ட்லிங் என்னைச் சாட்சியாகக் காட்டியிருந்தார். அன்று காலை எட்டடித்ததும் என் ஜன்னலுக்கு முதல் ஆளாக வந்தவர் வென்ட்லிங். கையில் ஒரு டஜன் டோனட். பதினாலு வருஷத்தில் எனக்கு ஒரு காபி வாங்கித் தராத மனுஷர்.

"ஆர்லோ, அன்னிக்கு நீதானே கட்டர் குடுத்தே. ஞாபகம் இருக்குல்ல?"

நான் ரம்பங்களை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"நீயும் நானும் ஒரே பக்கம்தான். அந்தப் பொம்பளையோட உனக்கும் ஒத்துவராது. ரெண்டு வருஷத்துல ரிட்டையர் ஆகறே, எதுக்கு வம்பு?" பெட்டியை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு அவள் மேல் இருந்த எரிச்சல் அப்படியேதான் இருந்தது. ஆனால் என் வாயைப் பன்னிரண்டு டோனட்டுக்கு வாங்கலாம் என்று ஒருவன் நினைத்துவிட்டான் பாருங்கள், அதில்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதோடு, அவனும் நானும் ஒரே பக்கமாம். அதுதான் உண்மை என்பது இன்னும் எரிந்தது.

டீன் அறையில் ரோவீனா ஒரு ரொட்டிப் பையைப் பிரித்து மேசைமேல் கொட்டினாள். பச்சைக் கயிறு. அதில் பட்டையும் மரமும் ஒட்டிக்கொண்டிருந்தது. கைகளை மேசைக்கடியில் மறைத்து வைத்திருந்தாள். முழங்காலைப் பாராமல் அந்த ஏப்ரலிலும் வாரக்கடைசியில் மூடாக்கு வேலைக்குப் போயிருக்கிறாள், ஃபீஸ் கட்ட.

"நான் கயிறையெல்லாம் வெட்டித்தான் நட்டேன்," என்றார் வென்ட்லிங். "ஆர்லோகிட்டயே கேளுங்க. கட்டர் குடுத்ததே அவர்தான்."

டீன் என்னைப் பார்த்தார். ரோவீனா என்னைப் பார்க்கவே இல்லை. என்னிடமிருந்து அவளுக்கு என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"குடுக்கலை," என்றேன். "நாலு அஞ்சுக்கு வந்து கேட்டாரு. நாலு மணிக்கு நான் மூடிடுவேன். உள்ளதான் இருந்தேன். திறக்கலை. கட்டர் இல்லாமலே நட்டாங்க."

டீன் பேனாவை மூடிவைத்தார். "பதினாலு வருஷமா உங்களுக்கு இது தெரியும்?"

"தெரியும்."

வென்ட்லிங் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீன் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண். ரோவீனா தேறினாள். எனக்கும் வென்ட்லிங்குக்கும் ஆளுக்கொரு கண்டனக் கடிதம் வந்தது. அவர் தகட்டை அவரே கழற்றிக்கொண்டு போனார்.

வெளியே தாழ்வாரத்தில் அவள் நின்றிருந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். நான் அவ்வளவு முட்டாள்.

"ஆறு வருஷம்," என்றாள். "வருஷாவருஷம் ஏப்ரல்ல வந்து நான் அங்க கொட்டுவேன். நீ உன் ஜன்னல்ல உக்காந்து பார்த்துட்டே இருந்தே. உள்ள ஏற்கெனவே கயிறு இறுக்குதுன்னு தெரியும். மேல வேற இவ கொட்டறாளேன்னு ஒரு வார்த்தை வரலை உன் வாயிலேருந்து."

"நீ கொலைகாரிதானே," என்றேன்.

"ஆமா. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். நீ?"

ஜூன் ஒன்றாம் தேதி கல்லறைத் தோட்டத்து வேலை அவளுக்குக் கிடைத்தது. முதல் மாதமே முந்நூறு மரத்தடியிலிருந்தும் மூடாக்கை வாரிக் கொட்டச் சொன்னாளாம். மரமெல்லாம் கோமணத்தோடு நிற்கிறது என்று ஊரில் பாதிப் பேர் புகார் கொடுத்தார்கள். கிழவர் காலத்தில் எந்நேரமும் திறந்துகிடந்த கேட்டுக்குப் பூட்டும் போட்டுவிட்டாள், ராத்திரியில் பொடியன்கள் புல்லில் கார் ஓட்டுகிறார்கள் என்று.

ஜூன் இருபத்தேழு மார்லீன் பிறந்தநாள். ஒவ்வொரு வருஷமும் வேலை முடிந்து பூ வாங்கிக்கொண்டு போவேன். பூக்கடையில் கூட்டம். போய்ச் சேரும்போது கேட்டு பூட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு போர்டு: காலை 8 முதல் மாலை 5 வரை. என் கைக்கடிகாரத்தில் ஐந்து ஐந்து.

ரோவீனா உள்ளேதான் இருந்தாள். புல்வெட்டும் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வந்தாள். நான் கேட்டைத் தட்டினேன். என்னைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். போர்டைக் காட்டினாள்.

"ரோவீனா, இன்னிக்கு அவ பிறந்தநாள்."

அவள் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். பூத்தண்டிலிருந்து தண்ணீர் சொட்டி என் சட்டைக்கை நனைந்தது. திட்டலாம் என்று பார்த்தேன். எதைச் சொன்னாலும் அது எனக்கே பொருந்தும். கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து பத்து.

அவள் சாவியை எடுத்து வந்து திறந்தாள்.

"அஞ்சு நிமிஷம் நின்னியா?" என்றாள். "அந்த மரம் பதினாலு வருஷம் நின்னுச்சு. போ, போய்ப் பாரு. நான் இருந்து பூட்டிட்டுப் போறேன், அவசரமில்லை."

மேப்பிளை ஆகஸ்டில் வெட்டிவிட்டார்கள். என் ஜன்னலிலிருந்து இப்போது அவள் தோண்டிய குழியில் அடிமரம் மட்டும் தெரிகிறது, கயிறு இறுகிய இடத்தில் இடுப்பு ஒடுங்கி. போர்டை நான் மாற்றவில்லை, மாற்ற மாட்டேன். ஆனால் நாலடித்த பிறகும் ஷட்டரை இறக்காமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கிறேன். நாலுக்கு மேல் இங்கே யாரும் வரக் கூடாது என்று இருபத்தொரு வருஷமாக நானே பழக்கிவைத்திருக்கிறேன். இதுவரை ஒருத்தரும் தட்டவில்லை.